ஸ்டாண்டர்டு ஹெரால்டு சேசிஸ்: அடியில் கறுப்பு கோட்டிங் வேண்டுமா?

#1 திருவான்மியூர் ஹெரால்டு

வணக்கம். வண்டி 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு, வண்டலூர் தயாரிப்பு. பாடியைத் தூக்கியாயிற்று. சேசிஸ் ஷெட்டில் மரக்கட்டைகள் மேல் கிடக்கிறது. பாடி முன்பாதி, பின்பாதி எனத் தனித்தனியாகச் சுவரோரம் நிற்கிறது.

நடுவில் நீளவாக்கில் ஓடும் இரண்டு பெரிய ரெயில் சட்டங்களும் நன்றாக இருக்கின்றன. பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்களில் பின்பக்கத்து இரண்டும் போய்விட்டன, சுத்தியலால் தட்டினால் துருப்பொடி கொட்டுகிறது. டிக்கிக்கு அடியில் வரும் நீட்டல்களும் அப்படியே. அவற்றை வெட்டிவிட்டுப் புதிதாகச் செய்து வெல்டிங் வைக்கிறோம். அதில் குழப்பம் இல்லை.

குழப்பம் அதற்கப்புறம்தான். "ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே ரப்பர் கோட்டிங் கெட்டியா, ரெண்டு நாள் வேலை சார்" என்கிறார் பெயின்டர். நண்பர் ஒருவர், அதெல்லாம் எதற்கு, மெழுகு மட்டும் அடி என்கிறார். யூடியூபைத் திறந்தால் ஆளுக்கொன்று. வீடு கடற்கரைக்குப் பக்கம். எங்கள் ஜன்னல் கம்பிகளே அடிக்கடி பெயின்ட் கேட்கும். ஃப்ளோருக்கு அடியில் யாரோ எப்போதோ அடித்த தார் இன்னும் இருக்கிறது, சில இடங்களில் கெட்டியாக, சில இடங்களில் செதில் செதிலாக. அதன் மேலேயே புதிதாக அடித்துவிடலாமா?

#2 டிங்கர் மகன்

அதன் மேல் அடிக்கவே கூடாது சார். அப்பா பட்டறையில் நான் பார்த்து வளர்ந்ததே இந்த வேலைதான். அம்பாசடரோ பியட்டோ, புது வண்டி எடுத்ததும் அடியில் தார் அடிப்பது அந்தக் காலத்தில் ஒரு சடங்கு. சில வருஷம் கழித்து அதே வண்டி ஃப்ளோர் மாற்ற வரும். கீழே படுத்துப் பார்த்தால் கோட்டிங் முழுசாக, கறுப்பாக, அழகாக இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே கார்ப்பெட் வரை போய்விடும்.

தார் இறுகிப் போனால் தகடோடு சேர்ந்து வளையாது. தகடோ வெயிலில் விரியும், ஓட்டத்தில் அதிரும். ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், தகட்டுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் ஏறிவிடும். ஏறிய தண்ணீர் சீக்கிரம் வெளியே வராது. வெறும் தகடாக விட்டிருந்தால்கூட மழை விட்டதும் காய்ந்திருக்கும்!

எடுப்பதற்கு ஹீட் கன்னும் பட்டி பிளேடும்தான். கிரைண்டரில் கப் பிரஷ் போட்டால் தார் உருகி எல்லா இடத்திலும் இழுகும், முகத்திலும் தெறிக்கும். நெருப்பைக் காட்ட வேண்டாம், பற்றிக்கொள்ளும். செதில் விட்ட இடத்தில் தோசையைத் திருப்புகிற மாதிரி ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக வந்துவிடும், அடியில் துரு இருக்கும். வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் இடத்தில்தான் தகடு நன்றாக இருக்கும், கையும் வலிக்கும். மிச்சப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள், அப்புறம் அந்த மண்ணெண்ணெயைத் தின்னரால் துடையுங்கள்.

இன்னொன்று. புது அவுட்ரிகரை மூடி வெல்டிங் வைப்பதற்கு முன்னாலேயே உட்பக்கத்தில் வெல்டிங் தாங்கும் ஜிங்க் பிரைமர் அடித்துவிடுங்கள். மூடிவிட்டால் அங்கே கை போகாது. எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகுதான் மற்ற பூச்சு. கோட்டிங் அடித்த தகட்டில் வெல்டிங் வைத்துத் தீப்பிடித்ததைப் பார்த்தவன் நான்.

#3 ராயபுரம் பெயின்ட்

கப்பலிலும் துறைமுக கிரேனிலும் பெயின்ட் வேலையைச் சோதிப்பது என் தொழில். பழைய கார் பைத்தியம் தனி. இரண்டிலும் இரும்பு ஒன்றுதான், உப்பும் ஒன்றுதான்.

முதலில் அந்த ரெட் ஆக்சைடு. பழைய காலத்தில் ஈயம் கலந்த சிவப்பு பிரைமர் ஒன்று இருந்தது. அது உண்மையிலேயே துருவைத் தடுத்தது, ஆனால் விஷம். இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதா ரெட் ஆக்சைடில் அந்த நிறம் இருக்கிறது, அந்தக் குணம் இல்லை. ஜன்னல் கம்பிக்குச் சரி. சேசிஸுக்கு ஹார்ட்னர் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர்தான் என் ஓட்டு. ஒரு கோட் காய்ந்தபின் 40, 50 மைக்ரான் நிற்கும். இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் எவ்வளவு நேரம் விடலாம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவோடு வரும் தாளைப் பாருங்கள். அந்த நேரம் தாண்டிவிட்டால் மேல்பரப்பை எமரி பேப்பரால் உரசாமல் அடுத்த கோட் ஒட்டாது.

ஆனால் பெயின்ட் தேர்வைவிட, அடிப்பதற்கு முந்தைய நாள் வேலைதான் முக்கியம். கடலோர வண்டியில் துருக்குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும். மேலே பளபளவென்று தேய்த்துவிட்டு அடித்தால் அந்த உப்பு பூச்சைத் தாண்டி ஈரத்தை இழுக்கும். கொஞ்ச நாளில் கொப்புளம். தேய்த்தபின் நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர். திருவான்மியூர் போர் தண்ணீரில் கழுவினால் உப்பை நீங்களே பூசிவிடுகிறீர்கள். காயவைத்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். காலையில் குழிகள் மட்டும் கறுத்திருந்தால் உப்பு இன்னும் போகவில்லை, மறுபடி கழுவித் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு போயிற்றா என்பதற்கும் தண்ணீரே போதும்: ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக ஓட வேண்டும்.

அடுத்து பனி. இரும்பின் சூடு, காற்றிலிருக்கும் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதிவைத்த விதி. காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் நீர் படிவது சுமார் 24 டிகிரியில். ராத்திரி முழுக்க ஷெட்டில் குளிர்ந்து கிடந்த சேசிஸ் காலை ஆறு மணிக்கு 26 டிகிரியில் இருக்கும். கண்ணுக்கு ஈரம் தெரியாது, ஆனால் அடிக்கக் கூடாது. காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஸ்பிரே கன்னைப் பிடிப்பதற்கு முன் எல்லா ஓரங்களையும் வெல்டிங் வரிகளையும் போல்ட் ஓட்டைகளையும் கையால் பிரஷ் போட்டு ஒரு கோட் பூசிவிடுங்கள். கூர்மையான விளிம்பிலிருந்து பெயின்ட் காயும்போது பின்வாங்கும், அங்கே பூச்சு பாதிக் கனம்கூட நிற்காது. கப்பலிலும் துரு முதலில் எட்டிப் பார்ப்பது விளிம்பில்தான்.

#4 பத்மினி பிரியன்

எல்லாருமாகச் சேர்ந்து ரப்பர் கோட்டிங்கை வில்லனாக்குகிறீர்கள். டிங்கர் தம்பி சொல்வது பழைய தார். இன்று வருவது ரப்பர் கலந்தது, காய்ந்த பிறகும் விரலால் அழுத்தினால் இணங்கும். கார் கம்பெனிகளே பல பத்தாண்டுகளாகச் சக்கர வளைவில் பிவிசி பூச்சு அடித்துத்தான் வண்டியை வெளியே அனுப்புகின்றன. அவர்கள் முட்டாள்களா?

என் பத்மினி மோனோகாக் வண்டி, சேசிஸ் தனியாகக் கிடையாது, ஃப்ளோர் போனால் வண்டியே போயிற்று. தகடுவரை சுரண்டி, எபாக்ஸி அடித்து, மேலே ரப்பர் கோட்டிங் அடித்திருக்கிறேன். பல மழைக்காலம் ஆயிற்று, ஒரு குறையும் இல்லை. எபாக்ஸி கெட்டியானது, ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே ஜல்லி அடித்தால் சில்லுப் போகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மண்ணும் ஜல்லியும் கிடக்கிற ஓரமாக ஒரு தடவை ஓட்டிவிட்டு முன்சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சத்தமும் குறையும். ஹெரால்டில் கல் அடிக்கிற சத்தம் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து கேட்பதுதானே!

#5 லெஸ்ரர் வாசி

யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்ப இங்கிலாந்தில். என்னட்ட இருக்கிறது ட்ரயம்ப் ஹெரால்ட் 13/60, உங்கட வண்டியின் அண்ணன் முறை. இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பை அள்ளிக் கொட்டுவார்கள், ஆகவே கறளை, அதுதான் உங்கட துருவை, பற்றி எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் ஒரு விசயம். இந்தக் காருக்கு ஏன் தனிச் சேசிஸ் இருக்குது தெரியுமோ? 1953இல் பிஎம்சி என்ற போட்டிக் கார்க் கொம்பனி, ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கார்ப் பொடி (நீங்கள் சொல்லுற பாடி) செய்யும் கொம்பனியை வாங்கிப்போட்டுது. ட்ரயம்ப் கார் செய்த ஸ்டாண்டர்டு கொம்பனிக்கு முழுப் பொடி செய்து குடுக்க ஆள் இல்லாமல் போச்சு. அதனால்தான் 1959இல் வந்த ஹெரால்ட், துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டும் பொடியோடையும் பழைய காலத்துச் சேசிஸோடையும் வந்தது. இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி கீறின வடிவு, அடியில் வண்டில் மாதிரி. அந்த இக்கட்டுத்தான் இப்ப உங்களுக்கு அதிர்ஷ்டம். மொரிஸ் மைனர்காரன் மல்லாக்கப் படுத்துக்கொண்டு செய்யிற வேலையை நீங்கள் சேசிஸைத் திருப்பிப் போட்டு நின்றுகொண்டு செய்யலாம். கதவுக்குக் கீழே ஓடுற சில் (sill) தகடும் வெளித்தகடு மாதிரித்தான், மோனோகாக் வண்டியில் போல பாரத்தைத் தாங்கிறதில்லை.

ஆனால் ஒருத்தரும் இன்னும் பேசாத இடம் ஒன்று இருக்கு. ஹெரால்ட் சேசிஸ் முழுக்க உள்ளே வெறுமையான பெட்டிச் சட்டம். அவுட்ரிகரும் பெட்டி. அது கறள் பிடிக்கிறது உள்ளேயிருந்துதான். திருவான்மியூர் அண்ணை தானே எழுதியிருக்கிறார், தட்டினால் பொடி கொட்டுது எண்டு. அந்தப் பொடி எங்கேயிருந்து வந்தது? உள்ளேயிருந்து. வெளியில் எபாக்ஸியோ ரப்பரோ தங்கமோ பூசுங்கோ, உள்ளே ஒரு சொட்டு மெழுகு போகாவிட்டால் திரும்பவும் அதே அவுட்ரிகரைத்தான் வெட்டுவீர்கள்.

பெட்டிக்குள்ள அடிக்கிற மெழுகு தனியாக விக்கிறார்கள். நீளமான குழாய், முனையில் சுத்திவர எல்லாப் பக்கமும் தெளிக்கிற நொசில். சேசிஸில் ஏற்கனவே இருக்கிற ஓட்டைகளால் குழாயைக் கடைசி வரை விட்டு, அடிச்சுக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேணும். தண்ணி வடியிற ஓட்டையால் மெழுகு சொட்டினால் உள்ளே எல்லா இடமும் போயிருக்கு. பிறகு ஒரு கம்பியால் அந்த ஓட்டைகளைத் திறந்து விடுங்கோ, அடைபட்டால் பெட்டி தொட்டியாகிவிடும்.

#6 திருவான்மியூர் ஹெரால்டு

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. சில சந்தேகங்கள்.

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம் ஒன்று எங்கள் டிங்கர் அடிக்கச் சொல்கிறார். அது தேவையா? பவுடர் கோட்டிங் போட்டுவிட்டால் எல்லாத் தொல்லையும் தீருமா? பழைய எஞ்சின் ஆயிலையும் டீசலையும் கலந்து அடியில் ஸ்பிரே பண்ணுவது எங்கள் வீட்டில் வழக்கமாக இருந்தது. மாமனார் இன்னும் அதுதான் சிறந்தது என்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

#7 ராயபுரம் பெயின்ட்

மாமனாரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள், டப்பாவை ஒளித்துவையுங்கள். எண்ணெய் ஈரத்தை விலக்கும் என்பது உண்மை. ஆனால் ஓடிய எஞ்சின் ஆயிலில் அமிலம் இருக்கிறது, கரி இருக்கிறது. ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். தரையெல்லாம் சொட்டும், தூசியை இழுக்கும். பின்னால் என்றைக்காவது பெயின்ட் அடிக்க நினைத்தால் அந்த எண்ணெயைத் தகட்டு மடிப்புகளிலிருந்து எடுப்பதற்குள் ஆயுசு போய்விடும்.

துரு மாற்றும் திரவம் இரண்டு வகை. டானிக் அமிலம் உள்ளது துருவைக் கருநீலப் படலமாக்கும். பாஸ்பாரிக் அமிலம் உள்ளது பாஸ்பேட் ஆக்கும். இரண்டும் மெல்லிய துருவுக்குத்தான், செதில் துருவுக்கு இல்லை. பாஸ்பாரிக் போட்டால் மிச்ச அமிலத்தைக் கழுவியே ஆக வேண்டும், அமிலத்தின் மேல் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. சேசிஸை பிளாஸ்டிங்குக்கு (துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சித் துருவை உரிப்பது) அனுப்புகிறீர்கள் என்றால் இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

பிளாஸ்டிங் செய்பவரிடம் எதை வைத்து அடிக்கிறார் என்று கேளுங்கள். ஆற்று மணல் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அந்தத் தூசி நுரையீரலைத் தின்னும், அடிக்கிற பையனுக்கு முகத்தில் துண்டு மட்டும்தான் இருக்கும். காப்பர் ஸ்லாக், கார்னெட் எல்லாம் கிடைக்கின்றன. சேசிஸுக்கு பிளாஸ்டிங் சரி. பானெட், கதவுத் தகடு பக்கம் கொண்டுபோகாதீர்கள், நெளிந்துவிடும். முடிந்த அன்றைக்கே முதல் கோட் எபாக்ஸி அடியுங்கள். சென்னைக் காற்றில் வெறும் இரும்பு ஒரு ராத்திரி தாங்காது.

பவுடர் கோட்டிங் பார்க்க அழகு. ஆனால் பெட்டிக்குள் போகாது, விளிம்பில் உரிந்தால் டிங்கர் மகன் சொன்ன தார் கதைதான், தண்ணீர் அடியில் ஊர்ந்துகொண்டே போகும். வீட்டில் பிரஷ் வைத்துச் சரிசெய்யவும் முடியாது. கேட், நாற்காலிக்கு நல்லது.

#8 டிங்கர் மகன்

பத்மினி அண்ணன் சொல்வதில் பாதி எனக்குச் சரி. கல் அடிக்கிற இடத்துக்கு எபாக்ஸி மட்டும் போதாது. என் கணக்கு: நாலு சக்கர வளைவு, முன் ஃப்ளோரின் சரிவு, சில்லின் கீழ்ப்பாதி, இங்கெல்லாம் எபாக்ஸி, தகடு சேரும் இடங்களில் சீம் சீலர், அதன் மேல் ரப்பர் கோட்டிங். சீலர் எபாக்ஸிக்கு மேலேதான், வெறும் தகட்டில் இல்லை. சேசிஸுக்கு எபாக்ஸியும் மேலே கறுப்பு பெயின்டும் மட்டும். சேசிஸில் ரப்பர் அடித்தால் நாளைக்கு எங்கே விரிசல், எங்கே துரு என்று கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைச் சரி செய்யவும் முடியாது.

வாங்கும்போது மேலே பெயின்ட் அடிக்கக்கூடிய வகையா என்று பார்த்து வாங்குங்கள். தார் கலந்த மலிவு டப்பா வாங்கி, மேலே பாடி கலர் அடித்தால் பழுப்பாக ஊறி மேலே வரும். வெள்ளை வண்டியில் பார்க்கச் சகிக்காது.

அடிப்பதற்கு முன் மூடவேண்டியவற்றை மூடுங்கள். பிரேக் டிரம், ஹேண்ட் பிரேக் கேபிள், கிரீஸ் நிப்பிள், புஷ், புரப்பெல்லர் ஷாஃப்ட், சைலன்ஸர், போல்ட் மரை எல்லாம். பின்னால் குறுக்கே போகும் பட்டை ஸ்பிரிங்கை மறக்காதீர்கள். பட்டைகளுக்கு நடுவே கோட்டிங் போனால் வழுக்காது, வண்டி மரம் மாதிரி ஆகிவிடும். சொன்னால் சிரிப்பீர்கள், டிரெயின் ஓட்டை அத்தனையையும் ரப்பரால் அடைத்து "லீக் இல்லாம பண்ணிட்டேன் சார்" என்று பெருமையாகச் சொன்ன பெயின்டரை எனக்குத் தெரியும்.

#9 ஒரிஜினல் பித்து

யாராவது இதைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். 1969 வண்டி ஐம்பது வருஷம் தாண்டியது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி விண்டேஜ் பதிவுக்கு மனுப் போடலாம், எண்ணில் விஏ என்று வரும். அதற்கு வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அழுகிய அவுட்ரிகருக்குப் பதில் அதே அளவில் அதே வடிவில் செய்து வைப்பது பழுதுபார்ப்பு என்பது என் கருத்து. ஆனால் "கூடுதல் பலத்துக்கு" என்று டிங்கர்கள் கனத் தகட்டில் கோணச் சட்டம் வைத்து ஒட்டுவார்கள் பாருங்கள், அதற்கு விடாதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள். சேசிஸ் எண் இருக்கும் இடத்தில் கெட்டிக் கோட்டிங் வேண்டவே வேண்டாம். ஆய்வாளர் அங்கே சுரண்ட ஆரம்பித்தால் உங்களுக்குத்தான் வயிறு எரியும்.

இன்னொன்று ரசனை பற்றியது. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் புடைத்துக்கொண்டு நிற்கும் வண்டியைப் பார்த்தால், எதை மறைத்திருக்கிறார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும். வாங்க வருகிறவனுக்கும் அதுதான் தோன்றும்.

#10 பத்மினி பிரியன்

விற்கிறவனுக்கு வேண்டுமானால் அந்தக் கவலை. நான் என் வண்டியை ஓட்டுகிறேன், கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை.

டிங்கர் தம்பியின் கணக்கு எனக்கு ஏற்புடையது. பத்மினிக்கு மட்டும் ஃப்ளோர் முழுக்க ரப்பர் என்பதில் நான் மாறமாட்டேன். சேசிஸ் உள்ள வண்டியின் நியாயம் வேறு.

#11 லெஸ்ரர் வாசி

மெழுகு பற்றி ஒரு எச்சரிக்கை. அது கடைசி வேலை. பெயின்ற், சீலர், ரப்பர் எல்லாம் முடிந்து காய்ஞ்ச பிறகுதான். மெழுகு மடிப்புகளுக்குள்ளால ஊர்ந்து வெளியே வரும், அது பட்ட இடத்தில் பிறகு எந்தப் பெயின்றும் பிடிக்காது. இங்கே குளிருக்கு டப்பாவைச் சுடுதண்ணிக்குள் வைச்சு இளக்கித்தான் அடிப்போம். உங்களுக்கு அந்த வேலை மிச்சம், ஆனால் மே மாதத்தில் வெயிலில் விட்டால் கொஞ்சம் வடியும். சூடு தாங்கிற வகையாகக் கேட்டு வாங்குங்கோ. ஒருக்கால் அடிச்சுப்போட்டு மறக்கிற சாமானும் இல்லை. மழைக்காலத்துக்கு முதல் ஒவ்வொரு வருசமும் ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பார்க்க வேணும்.

#12 ராயபுரம் பெயின்ட்

முகமூடி பற்றி யாரும் சொல்லவில்லை. மேலே அடிக்கும் கறுப்பு, ஹார்ட்னர் கலந்த பாலியூரிதேன் என்றால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கும். ஆஸ்துமா வர ஒரு காரணம் அது, ஒரு முறை உடம்பு ஒவ்வாமை பழகிவிட்டால் திரும்பாது. மருந்துக்கடைத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாத ஷெட்டில் அதை அடிக்காதீர்கள். சேசிஸுக்கு வெயில் படாது, பளபளப்பும் தேவையில்லை. சாதாரண கறுப்பு எனாமலை பிரஷ்ஷால் பூசினாலே போதும், நாளைக்குக் கீறல் விழுந்தால் அதே பிரஷ்ஷால் தொட்டுவிடலாம். எபாக்ஸி அடிக்கவும் கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க், கையுறை கட்டாயம்.

#13 திருவான்மியூர் ஹெரால்டு

பெயின்டரிடம் பேசினேன். "ரெண்டு நாள் வேலையை ரெண்டு மாச வேலையாக்கிட்டீங்களே" என்றார், ஆனால் ஒத்துக்கொண்டார். அவுட்ரிகர் வெல்டிங் இந்த வாரம் முடிகிறது, திங்கட்கிழமை சேசிஸை பிளாஸ்டிங்குக்கு அனுப்புகிறேன். மாலையே எபாக்ஸி. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே வரும் பேட்கள் எல்லாம் நைந்துவிட்டன. கம்பளித் துணி மாதிரி ஒன்றை டிங்கர் வெட்டி வைத்திருக்கிறார், போடலாமா?

#14 டிங்கர் மகன்

கம்பளி வேண்டாம், தண்ணீரைக் குடித்து அங்கேயே வைத்திருக்கும். கேன்வாஸ் கலந்த கெட்டி ரப்பர் ஷீட்டில் வெட்டிப் போடுங்கள், பழைய பேட்டின் கனத்தை அளந்து அதே கனத்தில்.

அப்புறம் திங்கட்கிழமை அனுப்பாதீர்கள் சார். புது அவுட்ரிகர் போட்டிருக்கிறீர்கள், பாடியை ஒருமுறை மேலே இறக்கி, எல்லா போல்ட் ஓட்டையும் நேர் வருகிறதா, நாலு கதவும் சரியாக மூடுகிறதா, பானெட் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா? ஹெரால்டில் அவுட்ரிகர் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கதவில் தெரியும். பிளாஸ்டிங், எபாக்ஸி எல்லாம் முடித்த பிறகு அதை வெட்டித் திரும்ப வெல்டிங் வைப்பதென்றால் இந்த இழையை முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான்.

#15 திருவான்மியூர் ஹெரால்டு

பார்க்கவில்லை. பிளாஸ்டிங் ஆளிடம் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பாடி தூக்க நாலு பேர் வேண்டும், பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள். டிபன் என் செலவு.